பதினேழாவது கையெழுத்து

கடிதம் ஒரே பக்கம்தான். நான்கு வரி, தேதி, அதற்குக் கீழே பதினேழு பெயர்கள். பதினாறு பெயர்களுக்கு எதிரே கையெழுத்து விழுந்திருந்தது. கடைசியில் இருந்த ஷர்லியின் பெயருக்கு எதிரே மட்டும் ஒன்றுமில்லை.

"கடைசியா ஒரு தடவ கேக்குறேன் ஷர்லி." சூர்யபிரகாஷ் பேனாவை நீட்டியபடி நின்றான். "போடுறியா, இல்லையா?"

"இல்லண்ணே. என்னால முடியல."

அவன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு மாடிப்படியில் இறங்கினான். மற்றவர்கள் அவன் பின்னால் போனார்கள். பிளெஸ்ஸி கடைசியாகப் போனாள். ஷர்லியின் மேஜையைக் கடக்கும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கீரனூரில் திருச்சி ரோட்டின் மேலேயே இருந்தது ஆத்மநாதனின் ஹார்டுவேர் கடை. கீழே சிமெண்ட், கம்பி, பெயிண்ட் வியாபாரம். மாடியில் சில்லு கேம்ஸ். சாமான் வாங்க வருகிறவர்கள் மாடியிலிருந்து கும்பலாக இறங்கி வருகிறவர்களைப் பார்த்து, "மேல என்ன, கோச்சிங் சென்டரா?" என்று கேட்பார்கள். வீடியோ கேம் வெளியிடும் கம்பெனி என்றால் நம்பமாட்டார்கள். புத்தகத்துக்குப் பதிப்பகம் இருப்பதுபோலத்தான் அதுவும். வீட்டில் உட்கார்ந்து தனி ஆளாகக் கேம் செய்கிறவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் செய்ததைச் சோதித்து, பிழைகளைச் சொல்லித் திருத்த வைத்து, நாலு மொழியில் எழுதி, விற்பனைக்குக் கொண்டுவருவது சில்லுவின் வேலை.

ஆரம்பித்தவன் ஆத்மநாதனின் ஒரே மகன் செம்மல். முதலில் அவனோடு மூன்று பேர்தான்: சூர்யபிரகாஷ், பிளெஸ்ஸி, ஷர்லி. கொரோனாவின் இரண்டாவது அலையில் செம்மல் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனான். வயது முப்பத்திரண்டு. காரியமெல்லாம் முடிந்த மறுவாரம் ஆத்மநாதன் மாடிக்கு வந்தார். மகனின் நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நீங்க பாட்டுக்கு நடத்துங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதற்கப்புறம் மூன்று வருஷம் சூர்யபிரகாஷ்தான் நடத்தினான். ஊழியர்கள் பதினேழு பேர் ஆனார்கள். செம்மல் காலத்தவற்றையும் சேர்த்துக் கேம்கள் இருபத்திரண்டு ஆயின. ஆத்மநாதன் ஒருநாளும் மாடி ஏறவில்லை.

வந்த தொல்லை வேறு. எதற்கும் அவருடைய ஒப்புதல் வேண்டியிருந்தது. கீழே அனுப்பிய ஒப்பந்தங்கள் பெயிண்ட் கேட்லாக்குகளோடு சேர்ந்து வாரக்கணக்கில் கிடக்கும். நினைவுபடுத்தினால், "பாக்குறேன் தம்பி" என்பார். காத்திருந்து பார்த்துவிட்டு இரண்டு நல்ல கேம்கள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டன. அதனால்தான் சூர்யபிரகாஷ் அவரிடம் கேட்டான்: கம்பெனியைத் தனியாகப் பிரித்து ஊழியர்களிடமே கொடுத்துவிடுங்கள், கிரயத்தை நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தந்துவிடுகிறோம் என்று. அவர் மறுக்கவில்லை. ஆறு மாதம் பேச்சு நடந்தது. வக்கீல்கூட வந்து போனார்.

டிசம்பர் மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம் ஆத்மநாதன் மாடி ஏறி வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"யோசிச்சுப் பாத்தேன். குடுக்கிறதா இல்ல" என்றார்.

சூர்யபிரகாஷுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சார், போன வாரம்கூட சரின்னுதானே சொன்னீங்க. ஏன்னு மட்டும் சொல்லுங்க."

"ஏன்னு ஒங்கள்ட்ட சொல்லணுமா? எம்மகன் ஆரம்பிச்சது இது. சம்பளத்துக்கு வந்தவங்க சம்பளத்த வாங்கிக்கிட்டு வேலையப் பாருங்க. சொத்துல பங்கு கேக்குற சோலியெல்லாம் வேணாம்."

"பங்கு கேக்கல சார்" என்றாள் பிளெஸ்ஸி. "செம்மல் இருந்திருந்தா…"

"அவன் பேர எடுக்காத."

அவ்வளவுதான். அவர் இறங்கிப் போனபிறகு யாரும் உட்காரவில்லை. சாயங்காலம் எதிரே இருந்த டீக்கடையில் பதினேழு பேரும் கூடினார்கள். எல்லோரும் ஒன்றாக வேலையை விடுவது என்று முடிவானது. சூர்யபிரகாஷ் கணக்குப் போட்டு வைத்திருந்தான். "ஒருத்தர் ரெண்டு பேரு போனா வேற ஆளப் போட்டுக்குவாரு. பதினேழு பேரும் ஒரே நாள்ல போனா கம்பெனி நின்னுரும். ஒரு வாரத்துல அவரே கூப்புடுவாரு, பாருங்க. கூப்புடலன்னா நாம புதுசா ஆரம்பிப்போம். ஆனா ஒருத்தர்கூட பாக்கி இருக்கக் கூடாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஷர்லிதான் கேட்டாள்: "பரிமளா அக்கா கேம் என்னாகும்?"

பரிமளா பொன்னமராவதியில் இருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங்கும் டேலி கணக்கும் சொல்லிக்கொடுக்கிறவள். வயது நாற்பதை நெருங்கியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை, அம்மா அழகம்மாளோடு இருந்தாள். வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் காலை ஐந்திலிருந்து எட்டு மணிவரை உட்கார்ந்து நான்கு வருஷமாக ஒரு கேம் செய்திருந்தாள். 'நாலாம் நம்பர் மினி பஸ்' என்று பெயர். விளையாடுகிறவர்தான் கண்டக்டர். பதினைந்து நாள் ஆட்டம். தினமும் ஏறுகிற ஆட்களின் முகத்தை வைத்து அவர்கள் எங்கே இறங்குவார்கள் என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாள் போகப் போக அவர்கள் கதையெல்லாம் தெரியவரும். ஒருநாள் ஒரு ஆள் ஏறாமல் போவார்; ஏன் வரவில்லை என்று மற்ற பயணிகளிடம் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். சில்லுவில் அதை முதலில் விளையாடிப் பார்த்தவள் ஷர்லி. பார்த்தவுடன் பொன்னமராவதிக்குப் பஸ் ஏறினாள். ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி வந்ததும் அவள்தான். அந்த ஒப்பந்தப்படி ஐந்து வருஷத்துக்கு அந்த கேமை சில்லுவைத் தவிர யாரும் வெளியிட முடியாது. பரிமளா உட்பட.

வெளியீட்டுக்கு நாள் குறித்தாகிவிட்டது. பொங்கல் லீவுக்கு முந்தின வெள்ளி. இன்னும் மூன்றே வாரம்.

"அது ஒரு கேம் ஷர்லி. இங்க பதினேழு பேரோட பொழப்பு" என்றான் சூர்யபிரகாஷ்.

"அவங்களுக்கு நாலு வருஷம்ணே. நாம போயிட்டா அது அஞ்சு வருஷம் பூட்டிக் கெடக்கும். நாந்தான் போயி வாங்கிட்டு வந்தேன். வெளியிட்டுட்டு வாரேனே. ஒரு மாசம்."

"ஒரு ஆளு உள்ள இருந்தா அவருக்குக் கம்பெனி ஓடுதுன்னுதான் அர்த்தம். புரியலையா ஒனக்கு?"

ஷர்லிக்குப் புரிந்தது. புரிந்தும் அவள் தலையாட்டவில்லை.

ஷர்லியும் பிளெஸ்ஸியும் கறம்பக்குடிப் பக்கத்துப் பெண்கள். புதுக்கோட்டையில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். கீரனூரில் ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்து ஆறு வருஷமாக ஒன்றாக இருந்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பிளெஸ்ஸி கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டாள்.

"நெசமாத்தான் சொல்றியா? போடமாட்டியா?"

"பிளெஸ்ஸி, ஒரே ஒரு மாசம்டி."

"அந்த ஆளு எல்லாரு முன்னாடியும் என்னைய வாயமூடுன்னு சொல்லுறாரு. செம்மல் எனக்கு யாருன்னு ஒனக்குத் தெரியும். ஒனக்கு மட்டுந்தான் தெரியும். அதுக்கப்புறமும் அவருகிட்ட போய் நீ வேலை பாப்ப?"

ஷர்லிக்குத் தெரியும். செம்மலும் பிளெஸ்ஸியும் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தார்கள். சாதியும் வேறு, மதமும் வேறு. அந்த ஜூன் மாதம் வீட்டில் சொல்வதாக இருந்தான். மே மாதமே போய்விட்டான். ஆஸ்பத்திரி வாசலில் ஊழியர்களில் ஒருத்தியாக நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள் பிளெஸ்ஸி. அதற்குமேல் அழ அவளுக்கு உரிமை இருக்கவில்லை.

"அவருக்காக இல்லடி" என்றாள் ஷர்லி.

"யாருக்காகவோ. எனக்காக இல்லல்ல?"

அதற்கப்புறம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை முழுக்க ஒரே அறையில் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். பிளெஸ்ஸிக்குச் சோதனைப் பிரிவு. கேமில் இருக்கும் பிழைகளைக் கண்டுபிடிக்கிற வேலை. அன்றைக்கும் தலை நிமிராமல் மினி பஸ் கேமைத்தான் சோதித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கடிதத்தைப் படித்த ஆத்மநாதன் கீழே பெயர்களை விரலால் எண்ணினார். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது.

"ஒரு மாச நோட்டீஸெல்லாம் வேணாம். இப்பவே கெளம்புங்க" என்றார். "மேல ஒரு ஆளு இருக்குல்ல. போதும்."

கடையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற ஆளை வரவழைத்து, அன்று மத்தியானத்துக்குள் பதினாறு பேரின் மெயில் கணக்குகளையும், டெஸ்டிங் போன்ற பிரிவுகளின் பொது மெயில்களையும் நீக்கச் சொன்னார். அந்த ஆள் சொன்னதைச் செய்தார்.

சனிக்கிழமை பிளெஸ்ஸி பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனாள். ஷர்லி ஆட்டோவரைக்கும் ஒரு பையைத் தூக்கி வந்தாள். "வச்சிரு, நான் எடுத்துக்கிறேன்" என்றாள் பிளெஸ்ஸி. மூன்று நாளில் அவள் ஷர்லியிடம் பேசியது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமையிலிருந்து மாடியில் ஷர்லி மட்டும். டெவலப்பர்களிடமிருந்து மெயில் வந்தபடியே இருந்தது. சென்னையிலிருந்து, கோழிக்கோட்டிலிருந்து, கொழும்பிலிருந்து. என்ன நடக்கிறது, எங்கள் கேம் என்ன ஆகும் என்று. முடிந்தவரைக்கும் பதில் எழுதினாள். மூன்றாம் நாள் ஆத்மநாதன் வந்து செம்மலின் நாற்காலியில் உட்கார்ந்தார். அதன்பின் தினமும் பதினோரு மணிக்கு வந்தார். எதுவும் கேட்கமாட்டார். ஒருநாள் மட்டும், "அவன் மொதல்ல போட்ட கேம் எதும்மா? காட்டேன்" என்றார். காட்டினாள். அம்புக்குறியை எந்த விரலால் அழுத்துவது என்று தெரியாமல் அவர் கைகள் தடுமாறின. ஷர்லி அவர் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினாள். ஆட்டத்தில் ஒரு படி ஏறுவதற்குள் ஐந்து முறை விழுந்தார். விழும்போதெல்லாம், "அய்யோ" என்றார்.

சூர்யபிரகாஷ் நினைத்ததுபோல அவர் யாரையும் திரும்பக் கூப்பிடவில்லை. அந்தப் பதினாறு பேரும் கிறிஸ்துமஸ்வரை காத்திருந்தார்கள் என்று ஷர்லி கேள்விப்பட்டாள். புத்தாண்டு பிறந்ததும் ஆளுக்கொரு பக்கம் வேலை தேட ஆரம்பித்தார்கள். புதிய கம்பெனிக்குப் பெயர்கூட வைத்திருந்தார்கள். போட யாரிடமும் முதல் இல்லை. மேலே ஒரு ஆள் இருக்கிறது, போதும் என்று அவர் சொன்னதை சூர்யபிரகாஷ் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஷர்லியை எடுத்துவிட்டார்கள்.

குறித்த வெள்ளிக்கிழமை 'நாலாம் நம்பர் மினி பஸ்' வெளிவந்தது. வெளியீட்டு வேலை முழுவதையும் ஷர்லி ஒருத்தியே செய்திருந்தாள். காலை பத்து மணிக்குப் பரிமளா போன் செய்தாள். "வந்துருச்சு ஷர்லி! எங்கம்மாட்ட காட்டுனேன். இது நம்ம பஸ்ஸுல்லங்குது" என்று சிரித்தாள். லீவுக்கு ஊர் போகிறவர்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் உட்கார்ந்து விளையாடினார்கள். இரண்டு நாளைக்கு நல்லபடியாகவே எழுதினார்கள். வராமல் போன தயிர்க்காரம்மாவுக்காக அழுதேன் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதல் புகார் வந்தது. ஏழாவது நாள் ஆட்டத்தைச் சேமிக்கும்போது போனில் அழைப்பு வந்தால், விளையாடியது முழுக்க அழிந்து முதல் நாளுக்குப் போய்விடுகிறது. பொங்கல் வாழ்த்துச் சொல்ல எல்லோரும் எல்லோரையும் அழைத்துக்கொண்டிருந்த நேரம். சாயங்காலத்துக்குள் நானூறு புகார்கள். ஒற்றை நட்சத்திரம் கொடுத்துத் திட்டி எழுதினார்கள். ஏமாற்று வேலை, குப்பை, கண்டக்டரே இறக்கிவிட்டுட்டான். ஷர்லி பரிமளாவிடம் சொன்னாள். எந்த இடத்தில் பிழை என்று பரிமளாவுக்கும் பிடிபடவில்லை. நான்கு வருஷம் எழுதிய புரோகிராம், தேட வேண்டும்.

ஷர்லி பிளெஸ்ஸிக்குப் போன் போட்டாள். மூன்று தடவை எடுக்கவில்லை. நான்காவது தடவை எடுத்தாள்.

"சொல்லு."

"பிளெஸ்ஸி, வச்சிராத. மினி பஸ்ல ஏழாவது நாள்…"

"போன் வந்தா அழிஞ்சுரும்."

"ஒனக்குத் தெரியுமா?"

"வியாழக்கெழமை கண்டுபுடிச்சேன். எந்த எடத்துல திருத்தணும்னு மொதக்கொண்டு எழுதி டெஸ்டிங் மெயிலுக்கு அனுப்பிட்டுத்தான் கெளம்புனேன். அந்த மெயிலத்தான் ஒங்க மொதலாளி அழிச்சுட்டாருல்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடி."

மறுமுனையில் யாரோ பொங்கல் பானைக்கு மஞ்சள் கேட்கும் குரல் கேட்டது.

"எப்பயும் வாயிலதான சொல்லுவேன்" என்றாள் பிளெஸ்ஸி. "அன்னைக்குத்தான் நாம பேசிக்கலையே." பிறகு, "எழுதிக்க" என்றாள். எந்தக் கோப்பு, எந்த இடம், என்ன மாற்ற வேண்டும் என்று நினைவிலிருந்தே சொன்னாள். ஷர்லி எழுதிக்கொண்டாள். "அவ்வளவுதான்" என்று சொல்லி பிளெஸ்ஸி வைத்துவிட்டாள்.

பரிமளா மறுநாளே திருத்திவிட்டாள். ஆனால் லீவு முடிவதற்குள் திருத்தம் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. முதல் வாரம் விழுந்த கேம் எழுந்திருப்பது அரிது. சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் அது தெரியும். மாசி பிறப்பதற்குள் அதைத் தேடுகிறவர்கள் யாரும் இல்லாமல் போனார்கள்.

ஷர்லி ஆத்மநாதனிடம் போய்ச் சொன்னாள். மெயிலை நீக்கியதால் என்ன ஆனது என்று கோபமில்லாமல், வரிசையாகச் சொன்னாள். அவர் செம்மலின் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவனப் பைக்குள்ள வச்சுக் கட்டித்தாம்மா குடுத்தாங்க" என்றார் திடீரென்று. "மூஞ்சியப் பாக்கல நான். அவன் பேர்ல மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான். வக்கீலு பத்தரத்துல எம்மகன் பேர அடிச்சுட்டு வேற பேரு எழுதிக் கொண்டாந்தாரு. பாத்ததும் எனக்குக் கையி ஓடல."

"இத அன்னைக்கு அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே சார். எல்லாருமே அவரு மேல உசுர வச்சிருந்தவங்கதானே."

"எப்புடிம்மா சொல்றது?" அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை என்று ஷர்லிக்குப் பட்டது.

பிளெஸ்ஸியைப் பற்றி வாய்வரை வந்தது. அது பிளெஸ்ஸி சொல்ல வேண்டியது என்று விழுங்கிக்கொண்டாள். அதற்குப் பதிலாக வேறொன்று கேட்டாள். எல்லா கேம்களின் உரிமையையும் செய்தவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று. இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரியென்றார். இருபத்து மூன்று கடிதங்களையும் ஷர்லி தட்டச்சு செய்தாள். ஒவ்வொன்றிலும் அவர் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பங்குனியில் சில்லு கேம்ஸ் மூடப்பட்டது. மாடியில் இப்போது டைல்ஸ் அடுக்கியிருக்கிறார்கள்.

இருபத்திரண்டு கடிதங்களைத் தபாலில் அனுப்பிய ஷர்லி, ஒன்றை மட்டும் நேரில் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள். புதுக்கோட்டை போய், அங்கிருந்து பொன்னமராவதி பஸ் பிடித்தாள். பரிமளா வீட்டில் இருந்தாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தாள். கடிதத்தை இரண்டு முறை படித்து மடித்து வைத்தாள்.

"இனிமே இது ஒங்களுதுக்கா. திருத்தி, புதுப் பேர்ல மறுபடியும் போடலாம். நான் கூட இருந்து செஞ்சு தாரேன்."

பரிமளா தலையை ஆட்டினாள். சம்மதமாக அல்ல. "வேணாம் ஷர்லி. சென்டர்ல சாயங்கால பேட்ச்சும் எடுக்கச் சொல்லிட்டாங்க. காலையில எந்திரிச்சா கம்ப்யூட்டர்கிட்ட போக மனசு வரல. எந்திரிச்சு ஒக்காந்துருக்கேன். அம்மா கேக்குது, ஏன்டி சும்மா ஒக்காந்துருக்கன்னு."

"எம்மேல கோவமாக்கா?"

"ஒம்மேல என்ன கோவம்? எனக்காக இருந்தது நீ மட்டுந்தானே." சொல்லிவிட்டுத் தம்ளரை வாங்கிக்கொண்டாள். "அந்தத் திட்டி எழுதுனதெல்லாம் படிச்சேன். ஒண்ணு விடாம படிச்சேன். அதுல தயிர்க்காரம்மாவுக்காக அழுதேன்னு ஒருத்தர் எழுதியிருந்தாருல்ல, அவரே மூணாவது நாள் வந்து ஒத்த ஸ்டார் போட்டுருந்தாரு. அவரு மேல தப்பு இல்ல. அந்தம்மா அவருக்கு அழிஞ்சு போயிருச்சு."

ஷர்லி கிளம்ப எழுந்தபோது பரிமளா வாசல்வரை வந்தாள்.

"அந்த டெஸ்டிங் பாத்த பொண்ணு, பிளெஸ்ஸி. தப்பு எங்கிட்டு இருக்குன்னு அவங்கதான சொன்னாங்க. அவங்ககிட்ட பேசுறியா?"

"சென்னைக்குப் போயிட்டாக்கா. பேங்க் ஆப் பண்ற கம்பெனியாம். மெசேஜ் போட்டேன். பாத்துருக்கா."

"பதில் போடலையா?"

"இல்லக்கா."

பரிமளா அவள் தோளில் கை வைத்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்த ஷர்லி, தெருவில் ஆள் நடமாட்டம் இருப்பதையும் பார்க்காமல், அங்கேயே நின்று அழுதாள்.